பன்னிரண்டாவது துணி

பிப். 2, திங்கள்

காலையில் பனி. எட்டு மணி வரை எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. வலது முழங்கால் வலி. நாளை முதல் துணி எடுக்கும் வேலை. மறக்காமலிருக்க வரிசை:

1. நாட்கள்: கடமலைக்குண்டு நாளை, தேவாரம் புதன், சுருளிப்பட்டி வெள்ளி. ஊருக்கு நான்கு துண்டு, மொத்தம் பன்னிரண்டு. புதைத்து அறுபது நாள் கணக்கு.
2. முறை: கையால் எடுக்க வேண்டும். கழுவக் கூடாது. நிழலில் உலர்த்தி, மண்ணைத் தட்டி, எடை. பக்கத்தில் ஒரு சாண் சதுரம் வெட்டி மண்புழு எண்ணுதல்.
3. எதிர்பார்ப்பது: கடமலைக்குண்டு மண் நன்று, தேவாரம் நடுத்தரம், சுருளிப்பட்டி மோசம். (முன்பே எழுதிவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ள முடியாது.)
4. இந்த முறையால் யாருக்கும் செலவு இல்லை, கேடும் இல்லை.
5. முடிவை ஒரு பக்கத்தில் எழுதி மூன்று வீட்டுக்கும் கொடுப்பது. யாருக்கும் புத்தி சொல்ல வேண்டாம்.

ஏன் தொடங்கினேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். பின்னால் எனக்கே சந்தேகம் வரும். சுருளிப்பட்டி கருப்பணன் நவம்பரில் வீட்டுக்கு வந்தார். திராட்சைக் கொடி நுனியிலிருந்து காய்கிறது, மருந்துக் கடையில் கேட்டால் இன்னொரு மருந்து தருகிறார்கள் என்றார். கையில் மண் பரிசோதனை அட்டை. அதை தேவாரம் சந்தனத்தின் அட்டையோடும் கடமலைக்குண்டு ஒச்சப்பனின் அட்டையோடும் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண்கள், ஒரே உரச் சிபாரிசு. அட்டை மண்ணிலுள்ள உப்பைச் சொல்கிறது. உயிர் இருக்கிறதா என்று சொல்லவில்லை. பருத்தித் துணியைப் புதைத்தால் உயிருள்ள மண் அதைத் தின்றுவிடும். உயிர் குறைந்த மண்ணில் துணி மிஞ்சும். பள்ளிப் பிள்ளைகள் செய்யக்கூடிய சோதனை. முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தியவனுக்கு இதற்கு மேல் துணிச்சல் இல்லை.

டிசம்பரில் என் மனைவி செசிலிதான் காடாத் துணியை வெட்டிக் கொடுத்தாள். "ஊர் மண்ணுக்கெல்லாம் கோவணம் கட்டி விடுறீகளாக்கும்" என்றாள்.

கருப்பணன் ஜனவரியில் இறந்துபோனார். நெஞ்சுவலி. அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கே துணியைப் பற்றிப் பேசுவது முறையல்ல என்று பேசவில்லை. துணி இருப்பது அவருக்கு மட்டுமே தெரியும். வெள்ளிக்கிழமை மகனிடம் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

தராசுக்கு பேட்டரி வாங்க.

பிப். 3, செவ்வாய்

கடமலைக்குண்டு. தேனி போய் பஸ் மாறி பத்தரைக்குச் சேர்ந்தேன். வெயில் இதம்.

க-1: நூல் முடிச்சு மட்டும். துணி இல்லை.
க-2: உள்ளங்கை அளவு, சல்லடை போல.
க-3: இல்லை. அடையாளத்துக்கு அடித்த முளைக்குச்சியைக் கறையான் அரித்திருந்தது.
க-4: நான்கு இழை.

மண்புழு ஏழு. வெட்டிய இடத்தில் மழை வாசனை. மானாவாரி நிலம், ஆட்டுக்கிடை போடுகிறார் ஒச்சப்பன், வேறொன்றும் செய்வதில்லை. அவருக்கு ஏமாற்றம். "துணியைப் பூராம் தின்னுருச்சே சார், நல்லதா கெட்டதா?" என்றார். நல்லது என்றேன். "அப்ப எம் பொண்டாட்டி சேலை காயப்போட்டா உசாரா இருக்கணும்" என்றார். திரும்பும் பஸ்ஸில் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்படிச் சிரித்து நாளாயிற்று.

மாலை ஆறு மணிக்கு போன். கருப்பணன் மகன் ஈசுவரன். பிளஸ் டூவில் என்னிடம் படித்தவன். தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் மாற்றத் தோண்டினார்களாம். மூன்று மூலையில் மூன்று வெள்ளைத் துணி. சிவப்பு நூல் முடிச்சு, கறுப்பில் எழுத்து. யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், அப்பா போனதும் அதனால்தான் என்று அம்மா அழுகிறார்களாம்.



"அப்பா இருக்கப்ப நம்ம தோட்டத்துக்கு வந்தீகளா சார்?"

மண் பார்க்க வந்தேன் என்றேன்.

"துணி எதுவும் புதைச்சீகளா?"

"துணியா?" என்றேன். அவ்வளவுதான். கேள்வியாகத்தான் சொன்னேன். அடுத்த வாக்கியத்துக்கு மூச்சு எடுத்தேன்.

அவன் சிரித்துவிட்டான். "மன்னிச்சுக்கங்க சார். அம்மா கேக்கச் சொன்னாக. வாத்தியாராவது இந்த வேலை பாக்குறதாவதுன்னு நான் அப்பவே சொன்னேன்." வைத்துவிட்டான்.

திரும்பக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை நேரில் சொல்வது மேல் என்று தோன்றியது.

சிவப்பு நூல்: மண்ணில் பளிச்சென்று தெரிவதற்காக. நான்கு மூலை: ஒரே இடத்தில் எடுத்தால் நிலம் முழுவதற்கும் பொருந்தாது. எல்லாம் முறைப்படிதான் செய்தேன்.

பிப். 4, புதன்

மேகமூட்டம். மலைப்பக்கமிருந்து காற்று. தேவாரம்.

தே-1 பாதி. தே-2 பாதிக்குச் சற்று மேல். தே-3 கால். தே-4 ஆடு இழுத்துப் போட்டுவிட்டது, கணக்கில் சேர்க்கவில்லை. மண்புழு இரண்டு. எதிர்பார்த்தது போலவே நடுத்தரம். மகிழ்ச்சி வரவில்லை.

சந்தனம் தென்னையோடு திராட்சை வியாபாரமும் பார்க்கிறவர். சுருளிப்பட்டிக்கு வாரம் இருமுறை போய்வருகிறார். நான் கேட்காமலே சொன்னார். கருப்பணன் வீட்டில் துணி எடுத்த கதை கம்பம் வரை பரவியிருக்கிறது. பழி மருமகள்மீது. ஈசுவரன் மனைவி, சுஜா என்று பெயர். கேரளத்து வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்தான். ஆனாலும் மாமியார் பேச்சியம்மாளுக்கு அவள் மலையாளத்துக்காரி. மலையாளத்து மாந்திரீக வேலை என்று சொல்ல அந்த ஊர்ப் பெயர் போதும்.

"அந்தப் புள்ள என்ன சொல்லுதுன்னு கேட்டீகளா? அங்கன ஒரு வாத்தியார் வந்து புதைச்சாராம். வாத்தியார்கிட்டயே போன் போட்டுக் கேட்டுட்டாக. அவரு துணியான்னு கேட்டாராம். பெரிய மனுசர் மேலயே பழி போடுறா பாரு, இவதான்னு முடிவு கட்டிட்டாக."

எந்த வாத்தியார் என்று அவருக்குத் தெரியாது. தென்னைமட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்று குழியும் அவர் தோட்டத்திலேயே திறந்து கிடந்தன. அதைப் பார்த்தும் அவருக்குத் தோன்றவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

வெள்ளி மதியம் கோடாங்கி வருகிறாராம். உடுக்கை அடித்து, வைத்த ஆள் யார் என்று சொல்வார். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. பிள்ளையை விட்டுவிட்டு நீ மட்டும் போ என்பது மாமியாரின் பேச்சு.

வீட்டுக்கு வந்து டிச. 8 பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து:

"அமலோற்பவ மாதா திருநாள். பூசை முடிந்து சுருளிப்பட்டி. மூட்டம். சு-4: தென்கிழக்கு மூலை, எட்டாவது கல்லுக்கால், கிழக்கே இரண்டடி, ஆழம் ஒரு சாண். கருப்பணன் மருமகள் மண்வெட்டி எடுத்துத் தந்தாள். மோர் கொடுத்தாள். பெயர் கேட்கவில்லை."

பிப். 5, வியாழன்

வெயில். எடை போடும் வேலை. க வரிசை மொத்தமும் தராசில் ஏறவே இல்லை. தே வரிசை எழுதியாயிற்று. காலை முழுவதும் இதிலேயே போயிற்று. எடை போட்டதையே மறுபடி போட்டேன்.

இன்றே போகாததற்குக் காரணங்கள்:
- அறுபதாவது நாள் நாளைதான்.
- முழங்கால்.
- நேரில் போனால் கோபத்தில் என்ன செய்வார்களோ.
- ஈசுவரன் முன்னால் என்ன சொல்லித் தொடங்குவது.

முதல் காரணம் பொய். துணியைத்தான் அவர்களே எடுத்துவிட்டார்களே.

பதினொரு மணிக்கு ஈசுவரனுக்கு போன். ஒருமுறை மணி அடித்ததும் நானே வைத்துவிட்டேன். அவன் திரும்பக் கூப்பிடவில்லை. கடிதம் எழுதினேன். மூன்றாவது வரியிலேயே மண்ணைப் பற்றிப் போய்விட்டது. இரண்டு பக்கம். கிழித்தேன்.

செசிலியிடம் மதியச் சாப்பாட்டில் சொன்னேன். சோற்றைப் பிசைந்த கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள். "அந்தப் புள்ள சொன்னது நெசம். நெசத்தைச் சொன்னவளைத்தான் பொய்க்காரியாக்கி விட்டிருக்கீக. இப்பவே கெளம்புங்க."

நாளைக் காலை முதல் பஸ் என்றேன். அவள் பிறகு என்னோடு பேசவில்லை. சாயங்காலம் செபமாலை சொல்லும்போது என் பங்கை நானே தனியாகச் சொன்னேன்.

இந்த நாள் முழுவதையும் தராசோடு கழித்தேன் என்பதைக் குறித்துவைக்கிறேன்.

பிப். 6, வெள்ளி

முதல் பஸ் கிடைத்தது. எட்டரைக்கு சுருளிப்பட்டி. பனி விலகவில்லை. பந்தல்களுக்கு மேல் மலை மட்டும் தெரிகிறது, கீழே ஒன்றும் தெரியவில்லை.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு டீ. இன்னொரு டீ. கடைக்காரருக்கும் அங்கிருந்த இருவருக்கும் கருப்பணன் வீட்டுப் பேச்சுதான். மருமகளை நேற்று இருட்டுவதற்குள்ளேயே ஜீப்பில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். கோடாங்கி வரும்போது வைத்தவள் வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல்லியனுப்பினாராம். பிள்ளை இங்கே.

நேற்று. நேற்று வந்திருந்தால்.

தோட்டத்துக்குப் போனபோது மணி பத்து. கோடாங்கி முன்னதாகவே வந்து வேலை முடிந்திருந்தது. பந்தல் கல்லுக்காலில் மூன்று துணியும் தொங்கின, எலுமிச்சம்பழத்தோடு. சு-1, சு-2, சு-3. செசிலி வெட்டிக்கொடுத்த அன்று இருந்தது போலவே. ஓரத்து இழைகூட விடவில்லை. செம்மண் கறை, ஒரு மூலையில் லேசான பச்சை. சொட்டுநீர் விழும் ஈர நிலம் இது. கடமலைக்குண்டை விட இங்கேதான் துணி சீக்கிரம் மக்கியிருக்க வேண்டும். அப்படித் தொங்குவதைப் பார்த்ததும் எனக்கே பயம் வந்தது. செய்வினையை நம்பாத எனக்கு.

ஈசுவரன், பேச்சியம்மாள், உறவினர் ஏழெட்டுப் பேர். எனக்கு நாற்காலி போட்டார்கள். நின்றுகொண்டே சொன்னேன். இந்தத் துணி என்னுடையது, கருப்பணனைக் கேட்டுத்தான் புதைத்தேன், மண்ணைச் சோதிக்க, மூன்று ஊரில்.

யாரும் கோபப்படவில்லை. அதற்குத் தயாராக வந்திருந்தேன், இதற்கு இல்லை.

"செவ்வாக்கெழமை கேட்டேனே சார். அன்னைக்கு இல்லைன்னீக" என்றான் ஈசுவரன்.

இல்லை என்று சொல்லவில்லை என்றேன்.

"ஆமான்னும் சொல்லல."

உறவில் ஒருவர் மெதுவாகச் சொன்னார், அவள் அழுது போன் போட்டிருப்பாள், வாத்தியார் இரக்கப்பட்டு வந்திருக்கிறார் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை மரியாதையாகவே பார்த்தார்கள்.

மண்தான் காரணம் என்றேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிக்கு இருபது முப்பது வருடம் அடித்தது, அதற்கு மேல் வந்த மருந்துகள், எல்லாம் இறங்கி மண்ணிலிருக்கும் உயிர் போயிருக்கலாம். உறுதியாகச் சொல்ல இன்னும் சோதனை வேண்டும்.

பேச்சியம்மாள் எலுமிச்சம்பழத்தைக் காட்டினார். "செய்வினைன்னா எடுத்துறலாம் சார். கோடாங்கி எடுத்துட்டாக. நீங்க சொல்றதை யாரு எடுப்பா?"



மூன்றுதான் கிடைத்தது என்று கோடாங்கி சொல்லிப் போயிருக்கிறார். நான்காவது இருக்கிறது, எனக்கு இடம் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதுவும் அவள் சொல்லிக்கொடுத்தது என்பார்கள். சொல்லாமல் வந்துவிட்டேன்.

குழந்தை பந்தலுக்கு அடியில் சிரட்டையில் மண்ணை அடைத்து இட்லி கவிழ்த்துக்கொண்டிருந்தது. அம்மு என்று கூப்பிடுகிறார்கள். எனக்கும் ஒன்று தந்தது.

புழு எண்ணவில்லை. குழாய்க்குத் தோண்டிய பள்ளம் நெடுகப் பார்த்தேன். கண்ணில் ஒன்றும் படவில்லை. மண்ணுக்கு வாசனையே இல்லை.

பிப். 7, சனி

செசிலியும் வந்தாள். கம்பம்மெட்டு வழியாக ஜீப். கொண்டை ஊசி வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே குளிர், ஏலக்காய் உலர்த்தும் வாசனை.

சுஜா பெற்றோர் இருப்பது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. அவள் அம்மா வாசலில் எங்களை நிறுத்தி யார் என்று கேட்டார். சொன்னேன். உள்ளே போய்விட்டார். சுஜாதான் வந்து உட்காரச் சொன்னாள். பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள்.

மன்னிப்புக் கேட்டேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான சார் மண்வெட்டி எடுத்துக் குடுத்தேன். துணியில நம்பர் எதுக்குன்னு கேட்டேன். மாறிப்போகாம இருக்கன்னு சொன்னீக."

எனக்கு அது நினைவில்லை. எழுதியும் வைக்கவில்லை.

"ஸ்பீக்கர்ல போட்டுத்தான் சார் பேசினாரு. நான் பக்கத்துலயே நின்னேன். ஆமாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிருவீகன்னு பாத்தேன்."

செசிலி அவள் முதுகில் கை வைத்தாள். நான் வெளியே ஏலச் செடிகளைப் பார்த்தேன். ஏதாவது பேசியிருக்க வேண்டும்.

பிறகு அவளே கேட்டாள், அந்த மண் அவ்வளவு மோசமா என்று. நேற்று அங்கே சொன்னதையே சொன்னேன். இருக்கலாம், உறுதியில்லை, சோதனை வேண்டும்.

"அம்மு காலையிலயிருந்து அந்த மண்ணுலதான் சார் கெடக்கும். வாயிலயும் வைக்கும்."

உறுதியில்லை என்று இன்னொரு முறை சொல்ல முடியவில்லை.

நான்காவது துணி இன்னும் மண்ணில் இருப்பதையும், இடம் என் நாட்குறிப்பில் இருப்பதையும் சொன்னேன். சுஜா நிமிர்ந்தாள். யார் முன்னால் அவளைப் பொய்க்காரி என்றார்களோ அவர்கள் முன்னாலேயே எடுக்க வேண்டும், அந்தப் பக்கத்தை அவள் புருசனே படிக்க வேண்டும் என்றாள். அப்படியென்றால் நாளைக்கே வருகிறாள்.

சரி என்றேன். யோசிக்காமல் சொன்ன ஒரே வார்த்தை.

பிப். 8, ஞாயிறு

முதல் பூசைக்குப் போய்விட்டு நேராக சுருளிப்பட்டி. காற்று பலம். சுஜா கம்பத்தில் எங்களோடு பஸ் ஏறினாள்.

வருவதை நேற்றிரவே ஈசுவரனுக்கு போனில் சொல்லியிருந்தேன். கூட்டம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். டீக்கடைக்காரர்கூட வந்திருந்தார். பேச்சியம்மாள் சுஜாவைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

நாட்குறிப்பை டிச. 8 பக்கத்தில் விரித்து ஈசுவரனிடம் கொடுத்தேன். படித்து முடிக்கும்வரை நான் ஓர் அடிகூட நகரப் போவதில்லை, எல்லோருக்கும் கேட்கப் படி என்றேன். வகுப்பில் சொல்வது போல வந்துவிட்டது. அவனும் வகுப்பில் போலவே படித்தான். தென்கிழக்கு மூலை. எட்டாவது கல்லுக்கால். கிழக்கே இரண்டடி. ஆழம் ஒரு சாண். "கருப்பணன் மருமகள் மண்வெட்டி எடுத்துத் தந்தாள். மோர்..." அங்கே குரல் இறங்கிவிட்டது. "சத்தமாப் படி" என்றாள் சுஜா. "மோர் கொடுத்தாள். பெயர் கேட்கவில்லை."

மண்வெட்டியை அன்றைக்குப் போலவே அவள்தான் எடுத்துத் தந்தாள். கல்லுக்காலை எண்ணினேன். இரண்டு முறை. ஈசுவரன் என் கையிலிருந்து வாங்கி வெட்டினான். சிவப்பு நூல் தெரிந்தது. நான் முட்டி போட்டுக் கையால் எடுத்தேன். சு-4. எழுத்துக்கூட மங்கவில்லை.

யாரோ கோவிந்தா என்றார்கள்.

பையிலிருந்து கடமலைக்குண்டுத் துணியின் நான்கு இழையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரே துணி, ஒரே கத்தரி, ஒரே வாரம் புதைத்தது. அது அங்கே, இது இங்கே. புத்தி எதுவும் சொல்லவில்லை.

பேச்சியம்மாள் குனிந்து துணியை இரண்டு விரலால் நெருடிப் பார்த்தார், கடையில் பார்ப்பது போல. வெகுநேரம். பிறகு இடுப்பிலிருந்த பிள்ளையின் கையைப் பார்த்தார். காலையிலிருந்து விளையாடிய மண் அதில் காய்ந்திருந்தது.

"ஏத்தா அம்மு, கையை வாயில வைக்காத" என்றார்.

பிள்ளையை சுஜாவிடம் நீட்டியதும் அவரேதான். மன்னிப்பு என்று ஒரு சொல் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சுஜா பிள்ளையை மோட்டார் தொட்டிக்குத் தூக்கிப்போய்க் கை கழுவினாள். நகக்கண்ணில் போகவில்லை. ஒரு குச்சியால் ஒவ்வொரு விரலாக எடுத்தாள். ஈசுவரன் பக்கத்தில் போய் நின்றான். வீட்டுக்குள் வா என்றான் போலிருக்கிறது. அவள் இல்லை என்று தலையசைத்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. பிள்ளையோடு எங்கள் பஸ்ஸிலேயே கம்பம் வந்து மலை ஜீப் ஏறினாள். செசிலி ஜன்னல் வழியாகப் பிள்ளைக்கு பிஸ்கட் கொடுத்தாள்.

புறப்படும்போது ஈசுவரன் என்னிடம் வந்தான். "இனி என்ன சார் பண்றது?" மருந்தை நிறுத்து, கொடியை எடுத்துவிட்டு சணப்பு விதைத்து மடக்கி உழு, மண்ணை நல்ல சோதனைக்கு அனுப்பு என்றேன். எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டான். தெரியாது. அவன் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்தான். மலையடிவாரம் வரை பந்தல்தான். எல்லாவற்றுக்கும் ஒரே கடை மருந்து.

மாலை 5. சு-4 எடை போட்டேன். புதைத்த அன்று இருந்ததைவிடச் சற்று அதிகம். மண் இழைக்குள் ஏறியிருக்கிறது, தட்டினால் உதிரவில்லை.

பிப். 2 வரிசை: எண் 3, எந்த மண் எப்படி என்றது, சரி. எண் 4, யாருக்கும் கேடு இல்லை என்றது, தவறு.